ஞானி மறைந்த பின்னால்

சென்னையில் சாந்தோம் பேராலயத்துக்கு அடியில் ஒரு கல்லறை இருக்கிறது. இயேசுவின் சீடர் தோமா அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார் என்பது நம்பிக்கை. அந்தக் கல்லறையைப் பற்றிப் பழைய பயணிகள் எழுதிவைத்தவற்றுள் ஒரு செய்தி மட்டும் ஏனோ இங்கே வந்துபோகிறவர்கள் காதில் அவ்வளவாக விழுவதில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, கிறிஸ்தவர்களைப் போலவே முஸ்லிம்களும் தோமாவைப் போற்றுகிறார்கள், அவர் தங்களைச் சேர்ந்த மகான் என்கிறார்கள் என்று குறித்தார். கல்லறை மண்ணை எடுத்துப்போய்த் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்ததையும் சொன்னார். சுமார் 1516இல் போர்ச்சுக்கீசியரான துவார்த்தே பர்போசா எழுதும்போது கோயில் பாழடைந்து கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டவர் ஓர் ஏழை முஸ்லிம். பிச்சையெடுத்து அந்தக் காசில் கல்லறைக்கு விளக்கேற்றினார். 1523 வாக்கில் போர்ச்சுக்கீசியர்கள் அந்த இடத்தில் தங்கள் தேவாலயத்தை எழுப்பியபோது விளக்கேற்றும் பொறுப்பு கைமாறியது.

அந்த மனிதரை சூஃபி என்று பர்போசா சொல்லவில்லை. நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் அங்கே இருந்தவற்றைப் பாருங்கள்: மகான் ஒருவரின் அடக்கத்தலம், அணையாத விளக்கு, வருகிறவர்கள் போடும் காணிக்கை, நோய்க்கு ஒரு பிடி மண், எந்த மதத்தவரும் நுழையக்கூடிய வாசல். தமிழ்நாட்டில் எந்த தர்காவுக்குப் போனாலும் இன்றைக்கும் இவைதான் இருக்கின்றன. இவற்றையெல்லாம் பக்தி இயக்குகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். பக்தி வேண்டும்தான். ஆனால் பக்தி தானாகப் போய் எண்ணெய் வாங்கிவராது. யார் வாங்குவது, யார் காசு, நாளைக்கு யார் முறை என்பதை யாரோ தீர்மானித்தாக வேண்டும். சூஃபிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பாட்டையும் பரவசத்தையும் எழுதுவார்கள். எனக்கு அவர்களுடைய நிர்வாகம்தான் பெரிய வியப்பு.

ஒரு ஞானியை நம்பிக் கூடும் எந்தக் கூட்டத்துக்கும் ஒரே நெருக்கடி காத்திருக்கிறது. ஞானி ஒருநாள் இறந்துபோவார். ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் இதை ஒரு பொது விதியாகவே ஆராய்ந்தார். அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1922இல் வெளிவந்த ‘பொருளாதாரமும் சமூகமும்’ என்ற நூலில் அந்த ஆராய்ச்சி இருக்கிறது. தனிமனிதர் ஒருவரின் ஈர்ப்பால் கூடிய கூட்டம் அவர் போனபின் நிலைக்க வேண்டுமானால், அந்த ஈர்ப்பு பரம்பரை உரிமையாகவோ பதவியாகவோ சட்டதிட்டமாகவோ மாறியாக வேண்டும். மாறத் தெரியாத கூட்டம் கலைந்துபோகும்.

இந்தக் கேள்விக்கு சூஃபிகள் 12, 13ஆம் நூற்றாண்டுகளிலேயே ஒரு விடை கண்டிருந்தார்கள். அதுதான் தரீக்கா. 1166இல் பாக்தாதில் மறைந்த அப்துல் காதிர் ஜீலானியின் பெயரால் காதிரிய்யா உண்டாயிற்று. தமிழ் முஸ்லிம்கள் முகியித்தீன் ஆண்டவர் என்பது அவரைத்தான். நம்மூரில் இத்தனை முகைதீன்கள் இருப்பதற்கும் அவரே காரணம். 1258இல் மறைந்த அபுல் ஹசன் ஷாதுலியின் வழி ஷாதுலிய்யா. அஜ்மீரில் அடங்கியிருக்கும் முயினுத்தீன் சிஷ்தியால் இந்தியாவில் வேரூன்றியது சிஷ்திய்யா. தரீக்காவில் சேர விரும்புகிறவர் ஷெய்கு என்னும் குருவின் கையில் கைவைத்து உறுதிமொழி கொடுக்கிறார், அது பைஅத். அன்று முதல் அவர் முரீது. முரீதுகளில் பக்குவப்பட்டவருக்கு ஷெய்கு அனுமதி கொடுத்து கலீபாவாக்குகிறார். அந்தக் கலீபா இன்னோர் ஊருக்குப் போய்த் தானே கைகொடுத்து முரீதுகளைச் சேர்க்கலாம். ஷெய்கின் ஷெய்கு, அவருடைய ஷெய்கு என்று நபிகள் நாயகம் வரை போகும் பெயர் வரிசையை சில்சிலா, அதாவது சங்கிலி என்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். இதற்குத் தலைமையகம் தேவையில்லை. பாக்தாதில் என்ன நடந்தாலும் கீழக்கரைக் கிளை நின்றுபோகாது. பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி தயிர் வாங்கி உறை ஊற்றியபின், அந்த வீட்டில் தயிர் தீர்ந்துபோனாலும் நம் வீட்டில் தோய்ந்துகொண்டே இருப்பதைப் போலத்தான். ஆனால் உறை ஊற்றாமல் தயிர் வராது. சில்சிலாவில் பெயர் இல்லாதவர் தானாக ஷெய்கு ஆகிவிட முடியாது. பரவுவதற்குச் சுதந்திரம், தரத்துக்கு ஒரு கடிவாளம், இரண்டும் ஒரே கைப்பிடியில் அடங்கிவிடுகின்றன.

இந்தச் சங்கிலி எவ்வளவு வேறுபட்ட மனிதர்களைத் தாங்கும் என்பதற்குச் சென்னையிலேயே இரண்டு பேர் சாட்சி. சாந்தோமிலிருந்து கடற்கரையோரமாக வடக்கே போனால் திருவல்லிக்கேணியில் 1795இல் கட்டிய வாலாஜா மசூதி வரும். அதன் வளாகத்தில் அடங்கியிருக்கிறார் லக்னோ ஃபிரங்கி மஹல் குடும்பத்தைச் சேர்ந்த அப்துல் அலி. ‘பஹ்ருல் உலூம்’, அதாவது கல்விக் கடல் என்று பட்டம் பெற்றவர். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா அழைத்து மதராசுக்கு வந்தார், ரூமியின் மஸ்னவிக்கு உரை எழுதினார், 1810இல் மறைந்தார். அரசவை, மதரஸா, பாரசீகம், தர்க்கம் என்று போன வாழ்க்கை அது. இன்னும் வடக்கே, தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் போனால் அதற்கு நேர் எதிரான மனிதர். தொண்டிக்கு அருகே குணங்குடியில் 1792இல் பிறந்த சுல்தான் அப்துல் காதிர், காதிரிய்யா வழியில் தீட்சை பெற்று, வீட்டைத் துறந்து, குப்பைமேட்டில்கூட உட்கார்ந்திருந்தார் என்று சொல்லும்படி அலைந்து, கடைசியில் வடசென்னையில் தங்கி 1838இல் மறைந்தார். குணங்குடி மஸ்தான் சாகிபு. அவரைப் போற்றிப் பிரபந்தம் பாடியவர்களில் சரவணப்பெருமாள் ஐயரும் அய்யாசாமி முதலியாரும் உண்டு. அரசவைப் பண்டிதரையும் பித்தரையும் ஒரே மரபு தன் மக்களாக எண்ணிக்கொள்ள முடிந்தது. இது எல்லா அமைப்புக்கும் வாய்க்கிற குணமில்லை.

சரி, சங்கிலி மேலிருந்து கீழே வருவது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரோடு பிணைப்பு எப்படி உண்டாகிறது? அதற்கு திக்ரு. வாரத்தில் ஒருநாள், பெரும்பாலும் வியாழன் மாலை, ஹல்கா என்று வட்டமாக உட்கார்ந்து இறைவனின் பெயர்களைச் சேர்ந்து ஓதுவார்கள். கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் ராத்திபு என்பார்கள். தொடக்கத்தில் மெதுவாக இருக்கும். மூச்சும் தலையசைவும் ஓதலோடு சேர்ந்துகொள்ளும். போகப்போக வேகம் கூடும்.

மூச்சு, இதயத் துடிப்பு ஆகியவற்றில் இத்தகைய ஓதல் என்ன செய்கிறது என்பதற்கு ஓர் அழகான ஆய்வு இருக்கிறது. 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் லூசியானோ பெர்னார்டி குழுவினர் வெளியிட்டது. ஆரோக்கியமான 23 பேரைச் சிலநேரம் லத்தீன் மொழியில் ஜெபமாலை மந்திரத்தையும், சிலநேரம் ‘ஓம் மணி பத்மே ஓம்’ என்ற மந்திரத்தையும் சொல்லவைத்து மூச்சையும் ரத்த ஓட்டத்தையும் அளந்தார்கள். இரண்டுமே மூச்சை நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 என்ற அளவுக்குத் தானாகக் கொண்டுவந்தன. சாதாரணமாக நாம் 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். ஆறில் என்ன விசேஷம்? நம் ரத்த அழுத்தத்தில் சுமார் 10 விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் ஓர் இயல்பான அலை உண்டு. நிமிடத்துக்கு 6 மூச்சு என்றால் மூச்சின் அலையும் அந்த அலையும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகின்றன. அப்போது ரத்த அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயல் கூர்மையடைகிறது, மனமும் அடங்குகிறது. ஜெபமாலை கிழக்கே இருந்து அரபுகள் வழியாகத்தான் ஐரோப்பாவுக்கு வந்திருக்க வேண்டும் என்ற கருத்தையும் அந்தக் குழுவினர் எடுத்துச்சொன்னார்கள். சாந்தோம் பேராலயத்தில் ஜெபமாலை, கச்சேரி ரோடு பள்ளிவாசலில் தஸ்பீஹ், கபாலீசுவரர் கோயிலில் உருத்திராட்சம். மயிலாப்பூரில் ஒரு மைல் நடந்தால் உருளும் மணிகள் மூன்று வகை.

அந்த ஆய்வில் திக்ரை அளக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேகமான திக்ரில் மூச்சு ஆறுக்கு இறங்காது. அங்கே நடப்பது வேறு. கூட்டச் சடங்குகளைப் பற்றிய 2011ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று அதற்குக் கொஞ்சம் வெளிச்சம் தருகிறது. ஸ்பெயினில் சான் பெத்ரோ மன்ரிக்கே என்ற ஊரில் ஆண்டுதோறும் தீமிதி நடக்கிறது. தீ மிதிப்பவர்களின் இதயத் துடிப்பையும் பார்ப்பவர்களின் துடிப்பையும் ஒரே நேரத்தில் பதிவுசெய்தார்கள். மிதிப்பவரின் துடிப்போடு அவருடைய உறவினர், நண்பர் துடிப்பும் சேர்ந்தே ஏறி இறங்கியது. சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்களின் துடிப்பு சேரவில்லை. ஆக, சடங்கு மட்டும் போதாது. முன்பே ஒரு பிணைப்பு வேண்டும். சடங்கு அதை இறுக்குகிறது. பைஅத்தும் வாராந்தர ஹல்காவும் சேர்ந்து செய்வது இதைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

பிணைப்புக்கு ஒரு விலையும் உண்டு. அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் தோன்றிய 83 கூட்டுவாழ்வுக் குடியிருப்புகளை மானுடவியலாளர் ரிச்சர்ட் சோசிஸ் ஆராய்ந்தார். மதம் சார்ந்த குடியிருப்புகளில், உறுப்பினர்களிடம் அதிகம் கேட்டவை, அதாவது உணவுக் கட்டுப்பாடு, உடைக் கட்டுப்பாடு, நேரம் என்று பலவற்றைக் கேட்டவை, அதிகக் காலம் நீடித்தன. எளிதாகச் சேரக்கூடியவை எளிதாகக் கலைந்தன. காயல்பட்டினத்தில் ஷாதுலிய்யாக்காரர்களுக்கு ஸாவியா, காதிரிய்யாக்காரர்களுக்கு மஹ்லறா என்று தனித்தனி இடங்கள் இருக்கின்றன. ஷாதுலியில் சேர்ந்தவர் நாள்தோறும் ஓத வேண்டிய ஓதல்கள் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் கடல் தாண்டி வியாபாரத்துக்குப் போனவர்கள். கொழும்பில் கடை வைத்திருப்பவருக்கும் அங்கே ஒரு ஸாவியா, அதே நேரம், அதே ஓதல். ஊரில் யாருக்கு யார் உறவு, யாருடைய வாக்கை நம்பலாம் என்று தெரியாத அந்நிய நகரத்தில் ஒரு வணிகருக்கு இதைவிட நல்ல நம்பிக்கைச் சான்று கிடைக்குமா? தரீக்கா கடன் கொடுக்கவில்லை. கடன் கொடுக்கலாமா என்று தெரிந்துகொள்ளும் வழியைக் கொடுத்தது. கீழக்கரையின் இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை ஆலிம் (1816–1898) இதே பாதையில் இலங்கை முழுதும் போய்வந்தவர். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழில் நூல்கள் எழுதினார். குர்ஆன் ஓதப் பழகிய, தமிழ் எழுத்துத் தெரியாத பெண்களும் படிக்கக்கூடிய நூல்கள் அவை.

இனி நாகூர். இந்தக் கட்டுரையில் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம்.

ஷாகுல் ஹமீது ஆண்டகை வட இந்தியாவில் மாணிக்கப்பூரில் பிறந்து, குவாலியரின் முகமது கவுஸிடம் சீடராக இருந்து, பல நாடு சுற்றி நாகூர் வந்தவர். 16ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் மறைந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. வேபர் சொன்ன நெருக்கடி இங்கே இன்னும் கூர்மையானது. ரத்த வாரிசே கிடையாது. ஆன்மிக மகனாக அவர் ஏற்ற யூசுப் சாகிபு நாகூரிலேயே குடும்பம் நடத்தினார். அவர் வழிவந்தவர்களே தர்காவின் உரிமைக்காரர்கள் ஆனார்கள். உறவினர் பெருகப் பெருகப் பங்கும் சண்டையும் பெருகின. வழக்கு நீதிமன்றத்துக்குப் போய், நீதிமன்றம் வகுத்த திட்டப்படி பரம்பரை அறங்காவலர்கள் எட்டுப் பேர் கொண்ட நிர்வாகம் வந்தது. அதற்கும் பிறகு சிக்கல் வந்தபோது உயர் நீதிமன்றமே தற்காலிக நிர்வாகிகளை அமர்த்தியது. சூஃபி மரபில் நவீனத்தின் முதல் காலடி ஒலிபெருக்கியோ மின்விளக்கோ அல்ல, வக்கீல் நோட்டீஸ் என்று சொன்னால் மிகையாகாது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காஞ்சிபுரத்தில் வடகலைக்கும் தென்கலைக்கும் நடந்த வழக்குகள் இதைவிட நீளம்.

இத்தனை சண்டைக்கு நடுவிலும் நாகூர் நின்றதற்குக் காரணம், அதில் பங்கு உள்ளவர்கள் முஸ்லிம்கள் மட்டுமல்ல என்பது. தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி. கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங்; 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. தர்காவின் சில சடங்குகளில் இந்துக் குடும்பங்களுக்குப் பரம்பரை உரிமை உண்டு. 14 நாள் கந்தூரி கொடியேற்றத்தோடு தொடங்குகிறது. பத்தாம் இரவு சந்தனக்கூடு நாகப்பட்டினத்திலிருந்து ஊர்வலமாகப் புறப்பட்டு நாகூர் வருகிறது. அந்தச் சந்தனத்துக்கான கட்டைகளை இப்போது தமிழ்நாடு அரசு விலையின்றி வழங்குகிறது. மராத்திய மன்னர் நின்ற இடத்தில் வனத்துறை நிற்கிறது, அவ்வளவுதான். கந்தூரி ஹிஜ்ரி நாட்காட்டிப்படி நடப்பதால் ஒவ்வோர் ஆண்டும் சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். ஏறக்குறைய 33 ஆண்டில் எல்லாப் பருவத்தையும் சுற்றிவரும். கோடையில் தண்ணீர்ப் பந்தல் போட்டவர் பிள்ளை அதே கந்தூரிக்கு மழையில் கூரை போடுகிறார். எந்தப் பருவத்துக்கும் தயாராக இருக்க வேண்டிய திருவிழா என்பதால், இந்த நிர்வாகம் ஒருபோதும் பழக்கத்தில் தூங்கிவிட முடியாது.

நாகூரின் பெரிய அதிசயம் நாகூருக்கு வெளியே இருக்கிறது. ஆண்டகை கடலோடிகளின் காவலர். ஓட்டை விழுந்த கப்பலை எங்கோ இருந்தபடியே தன் கைக்கண்ணாடியை எறிந்து அடைத்தார் என்ற கதை மலாக்கா நீரிணை வரை போயிருக்கிறது. கதையோடு தர்காவும் போனது. பினாங்கில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு நாகூர் தர்கா. சிங்கப்பூரில் 1827இல் காதர்பிள்ளை என்பவருக்கு 99 ஆண்டுக் குத்தகையில் நிலம் கிடைத்து, 1828க்கும் 1830க்கும் இடையில் தெலோக் ஆயர் தெருவில் இன்னொன்று. இலங்கையின் கிழக்கே கல்முனையில் கடற்கரைப் பள்ளி. அங்கேயும் கொடியேற்றம், கந்தூரி. இவற்றில் எதிலும் ஆண்டகை அடங்கியிருக்கவில்லை. கல்லறையே இல்லாத தர்காக்கள்!

இதெப்படி முடியும்? தர்காவுக்கு ஆதாரம் உடல் என்று நாம் நினைத்திருக்க, சோழியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம் கடலோடிகள் ஆதாரத்தை வேறாக்கிவிட்டார்கள். கொடி, தேதி, பாத்திஹா, நேர்ச்சைச் சோறு. இந்த நான்கும் எங்கே கூடுகின்றனவோ அங்கே நாகூர். நாகூரில் கொடியேறும் மாதத்தில் அங்கேயும் கொடியேறும். உடலைக் கப்பலில் ஏற்ற முடியாது, தேதியை ஏற்றலாம்.

சிங்கப்பூர் தர்காவின் பிற்காலம் யோசிக்கவைக்கிறது. கட்டியபோது அது கடலோரத்தில் நின்றது. கரை தூர்க்கப்பட்டு, கடல் தள்ளிப்போயிற்று. கப்பலில் வந்து இறங்கி நன்றி சொல்லும் தொழிலாளிகள் இல்லாமல் போனார்கள். 1974இல் அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். 2011இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறந்தார்கள். இப்போது அங்கே கண்காட்சிப் பலகைகள் இருக்கின்றன. கட்டடம் பிழைத்தது. ஆனால் பிழைத்தது தர்காவா, அதன் நினைவா? கல்முனையில் கூரை அவ்வளவு அழகாக இல்லாவிட்டாலும் சோறு வேகிறது. என்னைக் கேட்டால், அதுதான் உயிரோடு இருக்கிறது.

ஒலிநாடா வந்தபோதும் சூஃபி மரபு தயங்கவில்லை. நாகூர் இ.எம். ஹனிபாவின் குரல் கேசட்டில் ஏறி, எந்த மதத்தவர் தேநீர்க் கடையிலும் ஒலித்தது. ஏ.ஆர். ரஹ்மானின் குடும்பத்துக்கு வழிகாட்டியவர் கரீமுல்லா ஷா காதிரி என்ற ஷெய்கு; சூஃபி ஈடுபாட்டின் நிழல் ‘ஜோதா அக்பர்’, ‘ராக்ஸ்டார்’ படப் பாடல்களில் தெரிகிறது. ஆனால் பதிவுக் கருவியை ஒரு சமூகத்தின் முதுகெலும்பாகவே ஆக்கிய கதை இன்னொருவருடையது. அவர் தமிழர், அவர் கூட்டம் அமெரிக்காவில்.

யாழ்ப்பாணத்தில் ஆசிரமம் வைத்திருந்த பாவா முஹையத்தீனை அங்கே இந்துக்களும் குரு பாவா என்று கூப்பிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பார்கள். பேசுவது தமிழ் மட்டும். 1971இல் சீடர்கள் அழைத்து அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனார். வந்து சேர்ந்தவர்களில் யூதர், கிறிஸ்தவர், கறுப்பினத்தவர், பல்கலைக்கழக மாணவர், எல்லோரும் இருந்தார்கள். பாவா தமிழில் பேசப் பேச, பக்கத்தில் ஒருவர் ஆங்கிலத்தில் சொல்வார். மணிக்கணக்கில் நடந்த அந்தப் பேச்சுகளை ஒலிநாடாவிலும் ஒளிநாடாவிலும் விடாமல் பதிந்தார்கள். ரூமியை அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு கொண்டுபோன கவிஞர் கோல்மன் பார்க்ஸ் தன் ஆசான் என்று சொல்வதும் இவரைத்தான். 1984இல் அங்கே பள்ளிவாசல் எழுந்தது. 1986 டிசம்பர் 8 அன்று பாவா மறைந்தார். தனக்குப் பின் ஷெய்கு இன்னார் என்று யாரையும் அறிவிக்கவில்லை.

சில்சிலாவின் விதிப்படி பார்த்தால் கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. நிர்வாகத்தை ஒரு குழு நடத்துகிறது. தொழுகைக்கு இமாம்கள் இருக்கிறார்கள். கோட்ஸ்வில் என்ற ஊரில் அவருடைய அடக்கத்தலத்துக்கு ஜியாரத் வருகிறார்கள். கூட்டங்களில் பழைய பதிவுகளைப் போட்டுக் கேட்கிறார்கள். கலீபாவின் இடத்தில் நாடா உட்கார்ந்துவிட்டது. கேள்வி கேட்டால் நாடா பதில் சொல்லாது என்பது குறைதான். ஆனால் நாடா கட்சி மாறாது, மகனுக்குப் பட்டம் கட்டாது. தமிழ்ப் பேச்சைக் கேட்டு, தமிழ் தெரியாத பென்சில்வேனியாக்காரர்கள் 40 ஆண்டாகச் சேர்ந்து மரக்கறி சமைத்துச் சாப்பிடுகிறார்கள். நம்மூர்ப் பத்திரிகைகளில் இது எத்தனை முறை வந்திருக்கிறது?

உள்ளூரில் தர்காக்களுக்கு இரண்டு பக்கமும் நெருக்கடி. 1980களிலிருந்து வளர்ந்த தவ்ஹீத் இயக்கங்கள், இறைவனைத் தவிர யாரிடமும் கையேந்துவது இணைவைப்பு என்று ஊர் ஊராகப் பேசின. பல குடும்பங்களில் அப்பா கந்தூரிக்குப் போவார், மகன் போகமாட்டான். தர்கா தரப்பு வாதத்துக்கு வாதம் என்று நூலும் மேடையும் போட்டது. இப்போது மௌலிதும் ராத்திபும் யூடியூபில் நேரலையாக வருகின்றன. வாதத்தில் யார் சரி என்பது என் வேலையில்லை. வாதம் தரீக்காக்களைத் தங்கள் நூல்களை மறுபடி எடுத்துப் படிக்கவைத்தது என்பது மட்டும் தெரிகிறது.

மறுபக்கம் சட்டம். பழைய தர்காக்கள் பலவற்றுக்கு எழுதிக்கொடுத்த பத்திரம் கிடையாது. தலைமுறை தலைமுறையாக மக்கள் அப்படிப் பயன்படுத்தி வந்தார்கள் என்பதே ஆதாரம்; அதைப் ‘பயன்பாட்டால் வக்ஃப்’, அதாவது வழக்கத்தால் உண்டான அறக்கொடைச் சொத்து என்று சட்டம் ஏற்றுக்கொண்டிருந்தது. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வக்ஃப் திருத்தச் சட்டம் இனிமேல் அப்படி உண்டாவதை நீக்கியது. ஏற்கெனவே பதிவானவை, அரசு நிலம் என்றோ வேறு தகராறோ இல்லாதவரை தொடரும். அதே ஆண்டு ஜூனில் ‘உமீத்’ என்ற இணையதளம் திறக்கப்பட்டு, சொத்து விவரங்களை ஆறு மாதத்துக்குள் ஏற்றச் சொன்னார்கள். செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சில பிரிவுகளை மட்டும் நிறுத்திவைத்தது. 300 ஆண்டாக விளக்கெரியும் ஓர் இடத்தின் பொறுப்பாளரான முத்தவல்லி, சர்வே எண்ணைத் தேடித் தாலுகா அலுவலகத்தில் நிற்கிறார். பர்போசா பார்த்த ஏழைக்கு இந்தத் தொல்லை இல்லை. கடைசியில் இடமும் அவர் கையில் நிற்கவில்லை.

நிர்வாகம் என்று இத்தனை புகழ்ந்தபின், நிர்வாகமே இல்லாமல்போன இடத்தையும் சொல்லியாக வேண்டும். ஏர்வாடி. சுல்தான் சையது இப்ராகிம் ஷஹீது பாதுஷா தர்காவுக்கு மனநோயாளிகளை அழைத்துவந்து தங்கவைப்பது நெடுநாள் வழக்கம். தர்காவைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் முளைத்தன. குடும்பத்தினர் காசு கொடுத்து விட்டுப்போனார்கள். நோயாளிகளைச் சங்கிலியில் கட்டிப்போட்டார்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அப்படியொரு காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் இருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, காப்பகங்கள் மூடப்பட்டன, பலர் சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள்.

அடுத்த ஆண்டே, 2002இல், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர் ரகுராமும் சகாக்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். தமிழ்நாட்டில் ஒரு கிராமத்து முத்துசாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளைப் பார்த்திருந்தார்கள். சராசரி ஆறு வாரம் தங்கியவர்களின் நோய்க்குறி அளவீடு ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தது. சிறப்புச் சடங்கு ஒன்றும் அங்கே இல்லை. கூட வந்த உறவினர் ஒருவர் உடன் தங்குகிறார், கோயில் வேலைகளில் நோயாளியும் சேர்ந்துகொள்கிறார், யாரும் விரட்டுவதில்லை. ஏர்வாடிக் காப்பகங்கள் பறித்துக்கொண்டதும் இவற்றைத்தான்: கூட இருக்கும் உறவு, நடமாட்டம், மரியாதை. தர்காவின் பெயரை வைத்துக்கொண்டு தர்காவின் குணத்தை விட்டுவிட்டார்கள்.

குஜராத்தில் மீரா தாதர் தர்காவில் தொடங்கிய ஒரு முறை பின்னாளில் ஏர்வாடிக்கும் வந்தது. தவா–துவா, அதாவது மருந்தும் பிரார்த்தனையும். துவா கேட்க வருகிறவரை தர்காவில் இருப்பவர்களே அங்குள்ள மனநல மருத்துவரிடமும் அனுப்புவார்கள். ஒன்றை விட்டு ஒன்று என்ற பேச்சே கிடையாது. மருத்துவமனை வாசலை மிதிக்கக் கூச்சப்படும் குடும்பம் தர்கா வளாகத்துக்குள் மாத்திரை வாங்கிக்கொள்ளும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது.

உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ மனநோயோடு ஒருவர் இருந்து, மனத்துக்கு ஆறுதல் என்று மவுண்ட் ரோடு தர்காவுக்கோ நாகூருக்கோ ஏர்வாடிக்கோ கூட்டிப்போவீர்களானால், போங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். அவரைத் தனியே விட்டுவிட்டு வராதீர்கள். யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.